இடம் மாறாமல் பெயர் மாறிய எறும்பு

போர்னியோ மழைக்காட்டில் பொழுது சாய்ந்து இருள் கூடும் நேரத்தில், ஒரு பெரிய மரத்தின் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால் எறும்பு வரிசை ஒன்று மரமேறிக்கொண்டிருக்கும். அவை எறும்புகள்தான் என்று ஒப்புக்கொள்ளவே கொஞ்ச நேரம் பிடிக்கும். சாதாரண வேலைக்கார எறும்பு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 21 மில்லிமீட்டர் நீளம். நடுநடுவே வரும் பெருந்தலை எறும்புகள் 28 மில்லிமீட்டர். உங்கள் ஆள்காட்டி விரலின் நுனிக்கணுவை அளந்து பாருங்கள், கிட்டத்தட்ட அந்த அளவு. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனது என்று சொல்வோமே, இங்கே கட்டெறும்பு கழுதையாகப் புறப்பட்டது போல இருக்கும்.

இதன் இன்றைய அறிவியல் பெயர் டைனோமிர்மெக்ஸ் கிகாஸ். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்தைய நூல்களில் இதையே கேம்போனோட்டஸ் கிகாஸ் என்று பார்ப்பீர்கள். இருநூறு வருடம் பின்னால் போனால் ஃபார்மிக்கா கிகாஸ். எறும்பு அதேதான், காடும் அதேதான். மேலே ஒட்டிய சீட்டு மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

ஏன் மாறியது என்று பார்த்தால் உயிரியலில் அடிக்கடி காதில் விழும் இரண்டு சொற்கள் புரிந்துவிடும். ஒன்று வகைப்பாடு, இன்னொன்று பரவல். புதிதாக ஒருவரைச் சந்தித்தால் யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊர் என்று விசாரிப்போம் அல்லவா? யார் வீட்டுப் பிள்ளை என்பதற்கான பதில் வகைப்பாடு. எந்த ஊர் என்பதற்கான பதில் பரவல். இந்த எறும்பு விஷயத்தில் முதல் கேள்விக்குப் பதில் சொல்ல இருநூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

தச்சு வேலை தெரியாத தச்செறும்பு

முதலில் பொதுப்பெயரைத் தீர்த்துவிடுவோம். கேம்போனோட்டஸ் என்ற கூட்டத்தைச் சேர்ந்த எறும்புகளுக்குத் தச்செறும்பு என்று பெயர். அவற்றில் சில மரத்தைக் குடைந்து அதற்குள் கூடு அமைப்பதால் வந்த பெயர் அது. கறையானைப் போல மரத்தைத் தின்பதில்லை. கடித்துத் துகளாக்கி வெளியே கொட்டிவிடும். வாசலுக்குக் கீழே தச்சுப்பட்டறை போல மரத்தூள் குவிந்து கிடக்கும்.

ஆனால் அந்தக் கூட்டத்தில் எல்லோரும் தச்சர்கள் இல்லை. மண்ணில் கூடு வைப்பவையும் ஏராளம். நாம் கட்டெறும்பு என்று சொல்லும் கறுப்பு எறும்பு, கேம்போனோட்டஸ் கம்ப்ரெஸ்ஸஸ், பெரும்பாலும் மரத்தடி மண்ணில்தான் குடியிருக்கும். நம் ராட்சத எறும்பும் அப்படித்தான். பெரிய மரங்களின் வேரடியில் நிலத்துக்குள் வாழ்கிறது. ஆக, தச்செறும்பு என்ற பெயர் சிலவற்றின் தொழிலைச் சொல்கிறது, உறவைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. உறவுக்கு அறிவியல் பெயரிடம்தான் போக வேண்டும்.

உறவுப் படிக்கட்டு

பள்ளிப் பாடத்தில் படித்த வரிசை ஞாபகம் இருக்கும்: உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம். மேல்படிகளை வேகமாகக் கடந்துவிடலாம். இது விலங்கு, கணுக்காலி, பூச்சி. வரிசை என்று வரும்போது கொஞ்சம் நிற்கலாம். எறும்புகள் ஹைமெனோப்டெரா வரிசையில், தேனீயோடும் குளவியோடும் சேர்ந்து உட்கார்ந்திருக்கின்றன. எறும்பு என்பது இறக்கையைத் துறந்து தரையிறங்கிய ஒரு குளவிக் கிளைதான். ராணிக்கும் ஆணுக்கும் இன்றும் இறக்கை உண்டு. இணை சேர்ந்த பிறகு ராணி அதை உதிர்த்துவிடும். வரிசையில் நடக்கும் வேலைக்கார எறும்புகள் எல்லாமே பெண்கள், அவற்றுக்கு இறக்கை முளைப்பதே இல்லை.

எறும்புகள் அத்தனையும் ஒரே குடும்பம், ஃபார்மிசிடே. இதுவரை பெயர் பெற்ற சிற்றினங்கள் 14 ஆயிரத்துக்கும் மேல். அவ்வளவு பெரிய குடும்பத்தைப் பிரிக்காமல் வைத்திருக்க முடியாது. அதனால் துணைக்குடும்பங்கள். நம் ஆள் ஃபார்மிசினே என்ற துணைக்குடும்பத்தில் வருகிறது. இதை அடையாளம் காண்பது ஆரம்பநிலைக்காரருக்கும் சாத்தியம். ஒரு சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து வேலைக்கார எறும்பின் வயிற்று நுனியைப் பாருங்கள். கொடுக்கு இருக்காது. அந்த இடத்தில் சின்ன வட்டத் துளை இருக்கும், பெரும்பாலும் அதைச் சுற்றி மயிர் வரிசை வளையமாக நிற்கும். அதன் வழியாகத்தான் அமிலத்தைப் பீய்ச்சும். அந்த அமிலத்தின் பெயரே ஃபார்மிக் அமிலம்; எறும்பைக் குறிக்கும் ஃபார்மிக்கா என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கட்டெறும்பு கடித்த இடத்தில் எரிச்சல் எடுப்பதற்கு இதுதான் காரணம். தாடையால் கடித்துவிட்டு வயிற்றை முன்னால் வளைத்து, கடித்த காயத்திலேயே அமிலத்தை விடும்.

துணைக்குடும்பத்துக்கும் பேரினத்துக்கும் நடுவே இன்னொரு படி உண்டு. அதைக் குலம் என்று வைத்துக்கொள்வோம். இதன் குலம் கேம்போனோட்டினி. தச்செறும்புகள், முதுகில் முள் தாங்கிய பாலிராக்கிஸ் எறும்புகள் எல்லாம் இந்தக் குலம். வெளித்தோற்றத்தைத் தாண்டி இவர்களிடம் ஒரு சொத்து இருக்கிறது. குடல் சுவரில் உள்ள தனி செல்களுக்குள் பிளாக்மானியா என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. எறும்பின் உணவில் போதாத சத்துகளை அது தயாரித்துக் கொடுக்கிறது. தாயின் முட்டை வழியாகவே பிள்ளைக்குப் போய்ச் சேர்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் குலச்சொத்து என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

குலம் வரைக்கும் சண்டை சச்சரவு எதுவும் இல்லை. தகராறு அதற்குக் கீழே, பேரினத்தில்தான்.

மூன்று பெயர்கள்

விலங்குகளுக்கு இன்று நாம் வைக்கும் இருசொல் பெயர்களின் கணக்கு 1758இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஸ்வீடனின் லின்னேயஸ் தனக்குத் தெரிந்த எறும்புகள் அத்தனையையும் ஃபார்மிக்கா என்ற ஒரே பேரினத்தில் போட்டார். அப்போது அது போதுமானதாக இருந்தது.

1802இல் பிரான்ஸைச் சேர்ந்த பியர் ஆந்த்ரே லத்ரேய் எறும்புகளுக்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். அதில்தான் நம் எறும்பு ஃபார்மிக்கா கிகாஸ் என்ற பெயரில் அறிமுகமாகிறது. கிகாஸ் என்றால் கிரேக்கத்தில் ராட்சதன். ஜிகாபைட்டில் வரும் ஜிகாவும் இதே வேர்தான். லத்ரேயின் கதை தனிக் கட்டுரைக்குரியது, ஒரு துண்டை மட்டும் சொல்கிறேன். அவர் பாதிரியார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அரசு கேட்ட உறுதிமொழியை எடுக்காததால் சிறையில் அடைக்கப்பட்டார். அறைக்குள் வந்த ஒரு வண்டு அபூர்வமானது என்று அவர் கண்டுகொண்டார். அந்த வண்டு வெளியே இருந்த பூச்சி ஆர்வலர்களின் கைக்குப் போனது, அவர்கள் அவருக்காக முயற்சி எடுத்தார்கள், அவர் விடுதலையானார். ஒரு வண்டு காப்பாற்றிய மனிதர்தான் பின்னால் இந்த ராட்சத எறும்புக்குப் பெயர் வைத்தார்.

அப்புறம் எறும்புகள் பெருகின. அதாவது, மனிதர்களுக்குத் தெரிந்த எறும்புகள் பெருகின. ஒரே பேரினத்தில் வைத்துத் தாங்காது என்று ஆனபோது, 1861இல் ஆஸ்திரியாவின் குஸ்தாவ் மயர் கேம்போனோட்டஸ் என்ற பேரினத்தை உருவாக்கினார். வளைந்த முதுகு என்று பொருள். பக்கவாட்டில் பார்த்தால் இந்த எறும்புகளின் மார்புப் பகுதி மேடு பள்ளம் அதிகம் இல்லாமல் வில் போல வளைந்திருக்கும். கிகாஸும் பிறகு இந்த வீட்டுக்குக் குடிபெயர்ந்தது.

இங்கே ஒரு சின்ன இலக்கண வேடிக்கை. லத்தீனில் பேரினப் பெயருக்கு ஆண்பால், பெண்பால் உண்டு. அதோடு வரும் அடைமொழி அதற்கேற்பத் திரியும். ஃபார்மிக்கா பெண்பால், கேம்போனோட்டஸ் ஆண்பால். அதனால் 1787இல் ஃபப்ரீசியஸ் ஃபார்மிக்கா கம்ப்ரெஸ்ஸா என்று பெயரிட்ட கட்டெறும்பு, வீடு மாறியதும் கம்ப்ரெஸ்ஸஸ் ஆகிவிட்டது. கிகாஸ் அப்படித் திரியவில்லை. அது பெயர்ச்சொல், ராட்சதன் எந்த வீட்டுக்குப் போனாலும் ராட்சதன்தான். மூன்று பெயரிலும் இரண்டாம் சொல் மாறாமல் நிற்பதன் ரகசியம் இது.

கேம்போனோட்டஸ் நாளடைவில் என்ன ஆனது என்றால், எதில் சேர்ப்பது என்று தெரியாததை எல்லாம் போட்டுவைக்கும் பரண் ஆகிவிட்டது. இன்றும் அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இருக்கின்றன. பரணில் இருப்பதை ஒழுங்குபடுத்த அதற்குள்ளேயே பல துணைப்பேரினங்களை ஏற்படுத்தினார்கள். 1905இல் அமெரிக்கரான ஆஷ்மீட், கிகாஸ் மற்றவற்றோடு ஒட்டவில்லை என்று கருதி அதற்காக டைனோமிர்மெக்ஸ் என்ற பெயரைக் கொண்டுவந்தார். பயங்கர எறும்பு என்று பொருள். டைனோசரின் டைனோ இதுதான். ஆனால் பின்னால் வந்தவர்கள் அதைத் தனிப் பேரினமாக ஏற்கவில்லை. டைனோமிர்மெக்ஸ் கேம்போனோட்டஸுக்கு உள்ளேயே ஒரு துணைப்பேரினமாகப் பல பத்தாண்டுகள் கிடந்தது. ஆஷ்மீட்டின் உள்ளுணர்வு சரி, கையில் போதிய சாட்சி இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சாட்சி வந்த விதம்

உருவத்தை மட்டும் வைத்து உறவு சொல்வதில் ஓர் ஆபத்து உண்டு. பெரிய உடம்பு, ஒரே கூட்டில் சிறியதும் பெரியதுமாக வேலைக்கார எறும்புகள், வளைந்த முதுகு, இவையெல்லாம் ஒரு மூதாதையிடமிருந்து வந்திருக்கலாம். வெவ்வேறு கிளைகளில் தனித்தனியே தோன்றியும் இருக்கலாம். வௌவாலும் பறவையும் பறக்கின்றன என்பதற்காக அவற்றை ஒரே வீட்டில் வைக்க மாட்டோமே.

மரபணு இந்த இடத்தில் உதவிக்கு வருகிறது. முறை எளிமையானதுதான். டிஎன்ஏவில் சில துண்டுகள் தூரத்து உறவுகளிடையே கூட ஏறக்குறைய மாறாமல் இருக்கும். அவற்றைத் தறியில் அடித்த முளைகள் போல நினைத்துக்கொள்ளுங்கள். முளை அசையாது என்பதால் எந்த எறும்பின் டிஎன்ஏவிலும் அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். முளைக்கு இருபுறமும் உள்ள நூல்தான் காலப்போக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டிருக்கும். இரண்டு எறும்புகளில் ஒரே முளைக்குப் பக்கத்து நூலை ஒப்பிட்டால், யார் யாரிடமிருந்து எப்போது பிரிந்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம். ஒரு முளையை நம்பினால் ஏமாறலாம். நூற்றுக்கணக்கான முளைகள் ஒரே கதையைச் சொன்னால் நம்பத்தான் வேண்டும்.

2015இல் பொனி பிளைமரும் உடனிருந்த ஆய்வாளர்களும் ஃபார்மிசினே முழுவதற்கும் இப்படி ஒரு குடும்ப மரம் வரைந்தார்கள். அதில் கிகாஸ் மற்ற கேம்போனோட்டஸ் கொத்துக்குள் வரவே இல்லை. தனியாக ஒரு கிளையில் நின்றது. கூடவே இன்னொரு அதிர்ச்சி. கேம்போனோட்டஸின் துணைப்பேரினமாக இருந்த கோலோபாப்ஸிஸ், குலத்தின் மற்ற எல்லோரையும் விட முன்பே பிரிந்துபோன கிளை என்று தெரிந்தது.

இதில் என்ன பிரச்சினை என்று கேட்கலாம். வகைப்பாட்டில் ஒரு விதி இருக்கிறது: ஒரு பேரினம் என்றால் ஒரு மூதாதையும் அதன் வாரிசுகள் அனைவரும் அதற்குள் இருக்க வேண்டும். வாரிசுகளில் சிலரை மட்டும் விட்டுவிட்டுப் பங்கு பிரிக்கக் கூடாது. கோலோபாப்ஸிஸைக் கேம்போனோட்டஸில் வைத்துக்கொள்வதென்றால், அதைவிட நெருங்கிய உறவான முள்ளெறும்புகளையும் உள்ளே இழுக்க வேண்டும். அப்படி எல்லாவற்றையும் ஒன்றாக்கினால் பரண் இன்னும் பெரிதாகும். ஒட்டாததை வெளியே எடுத்து வைப்பது இன்னொரு வழி. 2016இல் ஃபிலிப் வார்ட், பிளைமர், பிரயன் ஃபிஷர் மூவரும் இரண்டாம் வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். கோலோபாப்ஸிஸும் டைனோமிர்மெக்ஸும் தனிப் பேரினங்கள் ஆயின. டைனோமிர்மெக்ஸ் வீட்டில் குடியிருப்பது ஒரே ஒரு சிற்றினம், கிகாஸ் மட்டும்.

கோலோபாப்ஸிஸைப் பற்றி ஒரு வரி சொல்லாமல் போக மனம் வரவில்லை. அதில் சில சிற்றினங்களில் பெரிய வேலைக்காரிகளின் தலை முன்பக்கம் வெட்டிவிட்டது போலத் தட்டையாக இருக்கும். அந்தத் தலையாலேயே கூட்டு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். வேறு சில, எதிரி பிடித்தால் தன் உடம்பையே வெடிக்கச் செய்து பசை போன்ற திரவத்தை அதன்மேல் பூசிவிடும். 2018இல் புரூணையிலிருந்து விவரிக்கப்பட்ட ஒன்றுக்கு எக்ஸ்ப்ளோடென்ஸ் என்றே பெயர். இவர்களையும் நம் ராட்சதனையும் கட்டெறும்பையும் ஒரே பேரினமாக வைத்திருந்தோம் என்றால் அந்தப் பரண் எப்படிக் கிடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மரபணு சொன்னதற்கு உடம்பிலும் ஒரு தடயம் இருந்தது, அதுவும் முன்பே தெரிந்த தடயம். பெரும்பாலான எறும்புகளுக்கு மார்பின் பின்மூலையில், பின்னங்காலுக்குச் சற்று மேலே, ஒரு சுரப்பி உண்டு. கிருமியையும் பூஞ்சையையும் தடுக்கும் திரவம் அதிலிருந்து சுரக்கும். ஈர மண்ணில் நெருக்கியடித்து வாழும் எறும்புக்கு அது வீட்டு மருந்துப் பெட்டி மாதிரி. கேம்போனோட்டஸில் பெரும்பாலான சிற்றினங்கள் இந்தச் சுரப்பியை இழந்துவிட்டன. கிகாஸின் வேலைக்கார எறும்புக்கு அது இன்றும் இருக்கிறது. தனியாகப் பார்த்தால் ஒரு விதிவிலக்கு என்று கடந்துபோகலாம், மரபணு மரத்தோடு சேர்த்துப் பார்த்தால் விஷயமே வேறு.

சரி, இப்போது முழுப் பெயரையும் ஒரு வரியில் எழுதுவோம்: டைனோமிர்மெக்ஸ் கிகாஸ் (லத்ரேய், 1802). முதல் சொல் பேரினம், இரண்டாவது சிற்றின அடைமொழி. அதன்பின் முதலில் விவரித்தவர், ஆண்டு. அந்த அடைப்புக்குறியைப் பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். அதற்கு அர்த்தம் உண்டு. விவரித்தவர் வைத்த பேரினத்திலிருந்து சிற்றினம் இப்போது வேறு பேரினத்துக்கு மாறியிருந்தால் மட்டுமே அவர் பெயரை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். மாறாமல் இருந்தால் அடைப்புக்குறி கிடையாது. இனி எந்த விலங்கின் பெயரைப் பார்த்தாலும் அது வீடு மாறியதா இல்லையா என்று இந்த ஒரு குறியை வைத்தே சொல்லிவிடலாம்.

எந்த ஊர்

பரவலுக்கு வருவோம். இந்த எறும்பு தென்கிழக்கு ஆசியாவுக்கே உரியது. தாய்லாந்தின் தெற்கு, மலாய் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ, இவைதான் இதன் நிலம். கரையோரச் சதுப்பு மரக்காடு, நீர் தேங்கிய கரிச்சேற்றுக் காடு, தாழ்நில மழைக்காடு, மலைக்காடு என்று பல வகைக் காடுகளில் பதிவாகியிருக்கிறது. காடு என்பது மட்டும் பொது.

வரைபடத்தை எடுத்து இந்த இடங்களுக்கு வண்ணம் தீட்டினால் நடுவில் நிறையக் கடல் தெரியும். எறும்பு எப்படிக் கடலைத் தாண்டியது? ராணிக்கு இறக்கை இருக்கிறதே என்று உடனே தோன்றும். அதைவிட நேரான பதில் கடலின் அடியில் இருக்கிறது. மலாய் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ, ஜாவா நான்கும் சுந்தா திட்டு என்ற ஒரே ஆழமற்ற கடலடி மேடையின் மேல் நிற்கின்றன. சுமார் 20 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, உலகின் தண்ணீர் பெருமளவு பனிப்பாளங்களில் உறைந்து கிடந்தது. கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதை விட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. சுந்தா திட்டு வறண்ட நிலமாக வெளியே வந்தது. மலாயாவிலிருந்து போர்னியோவுக்குக் கால் நனையாமல் நடக்கலாம். அந்தப் பெருநிலத்துக்குச் சுந்தாலாந்து என்று பெயர். நம் எறும்பின் பரவல் படத்தை அதன்மேல் வைத்தால், நடுவில் இருந்த கடல் தடையாகவே தெரியாது.

பரவல் படத்தில் வண்ணம் தீட்டிய இடத்தைவிட, வண்ணம் எங்கே நிற்கிறது என்று கவனிப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை. கிழக்கே போர்னியோவோடு நின்றுவிடுகிறது. அடுத்த பெருந்தீவான சுலவேசிக்கு இது போகவில்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள மக்காசர் நீரிணை ஆழமானது. கடல் 120 மீட்டர் இறங்கியபோதும் அங்கே தண்ணீர் நின்றது. ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் 1854 முதல் 1862 வரை இந்தத் தீவுகளில் சுற்றித் திரிந்து, விலங்குகள் சட்டென்று மாறும் ஒரு கோட்டை இந்த நீரிணை வழியாகத்தான் வரைந்தார். வாலஸ் கோடு என்று பின்னால் பெயர் பெற்றது. தெற்கே அந்தக் கோடு பாலிக்கும் லோம்போக்குக்கும் நடுவே போகிறது, அங்கே இடைவெளி வெறும் 35 கிலோமீட்டர்தான். தூரத்தை விட ஆழம் பெரிய சுவர்.

வடக்கே கதை வேறு. அங்கே கடல் இல்லை, நிலம் தொடர்ந்து போகிறது. ஆனால் மலாய் தீபகற்பம் கிரா பூசந்தியை நோக்கி ஒடுங்கும் பகுதியில் மழையின் குணம் மாறுகிறது. ஆண்டு முழுவதும் நனைந்திருக்கும் காடு முடிந்து, வறண்ட மாதங்கள் உள்ள காடு தொடங்குகிறது. எத்தனையோ மழைக்காட்டுச் செடிகளும் விலங்குகளும் இந்தப் பக்கத்தோடு நின்றுவிடுகின்றன. கிகாஸின் வடக்கு எல்லையும் தாய்லாந்தின் தெற்கிலேயே வருகிறது. ஒரு பக்கம் சுவர் ஆழ்கடல், இன்னொரு பக்கம் சுவர் மழை.

ஒரு எச்சரிக்கை. பரவல் படத்தில் பூசிய வண்ணம் முழுக்க எறும்பு நிறைந்திருக்கிறது என்று அர்த்தம் இல்லை. படத்துக்கு அடிப்படை அருங்காட்சியகங்களில் ஊசி குத்தி வைத்த எறும்புகளின் கீழே இருக்கும் சிறு காகிதச் சீட்டுகள்தான்: எந்த இடம், எந்த நாள், யார் பிடித்தது. அவை புள்ளிகள். புள்ளிகளுக்கு நடுவே வண்ணத்தை இழுத்து நிரப்புவது வரைபவரின் ஊகம். சீட்டு எழுதிய நாளில் காடாக இருந்த இடம் இன்று காடாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

கிழக்கும் மேற்கும்

பெயரும் வரைபடமும் சந்திக்கும் இடம் ஒன்று இருக்கிறது, அது துணையினம். ஒரே சிற்றினத்துக்குள் ஒரு பகுதியில் இருப்பவை இன்னொரு பகுதியில் இருப்பவற்றிலிருந்து தோற்றத்தில் கொஞ்சம் வேறுபட்டால், பெயருக்குப் பின்னால் மூன்றாவது சொல் சேர்ப்பார்கள். இத்தாலியரான கார்லோ எமரி 1887இல் போர்னியோவில் இருப்பதற்குப் போர்னியென்சிஸ் என்று பெயர் கொடுத்தார். மேற்கே இருப்பது கிகாஸ் கிகாஸ். ராட்சதனை இரண்டு முறை சொல்வது கேட்க வேடிக்கையாக இருந்தாலும் விதி அதுதான். முதலில் விவரிக்கப்பட்ட வடிவம் சிற்றினப் பெயரையே திரும்ப வாங்கிக்கொள்ளும்.

கடலே இல்லாதபோது கிழக்கும் மேற்கும் ஏன் பிரிய வேண்டும் என்ற கேள்வி எழும். பனியுகச் சுந்தாலாந்தின் நடுவே மழை குறைந்து, வடக்கு தெற்காகப் புல்வெளிப் பட்டை ஒன்று ஓடியிருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அப்படி இருந்திருந்தால் காட்டு உயிர்கள் நிலம் இருந்தும் கடக்க முடியாமல் நின்றிருக்கும். அந்தப் பட்டை எவ்வளவு அகலம், இடைவெளி இல்லாமல் ஓடியதா என்பதில் விவாதம் ஓயவில்லை. நம் எறும்பின் இரண்டு வடிவங்களும் அதன் இரு பக்கமும் அழகாகப் பொருந்துகின்றன. பொருந்துகிறது என்பதாலேயே அதுதான் காரணம் என்று எழுதிவிட ஆசை வரும். அந்த ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. துணையினம் என்ற படியே எமரி காலத்துக் கண் மதிப்பீட்டில் நிற்பது.

இரண்டு ஏக்கர் வரைபடம்

நாடுகள் அளவில் பார்த்தோம். இனி தரையில் குனிந்து பார்க்கலாம். 1990களில் ஜெர்மன் ஆய்வாளர்களான மார்ட்டின் ஃபைஃபரும் லின்சன்மயரும் போர்னியோவில் சபா மாநிலத்தின் கினபாலு பூங்காவில் இந்த எறும்பைப் பின்தொடர்ந்தார்கள். அவர்கள் கணக்கிட்ட ஒரு குடும்பத்தில் இரை தேடப் போகும் எறும்புகள் மட்டும் சுமார் 7,000. அவை ஒரே கூட்டில் இல்லை. 8 முதல் 14 வரை நிலத்தடிக் கூடுகளில் பிரிந்திருந்தன. மொத்தப் பரப்பு 0.8 ஹெக்டேர், ஏறக்குறைய இரண்டு ஏக்கர். பரவல் படத்தில் ஊசி முனைக்கும் காணாத இடம்.

இரண்டு ஏக்கர் என்பதும் தரைக்கணக்குதான். இவை இரவில் மரத்தின் உச்சிக்கு ஏறுகின்றன என்பதால் இவற்றின் ஊர் மேல்நோக்கியும் நீள்கிறது. அங்கே போவது எதற்கு? இவ்வளவு பெரிய எறும்பு வேட்டையாடித்தான் பிழைக்கும் என்று நினைப்போம். உண்மையில் உணவில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தேன்பாகு. செடியின் சாற்றை உறிஞ்சும் பூச்சிகள் வெளியேற்றும் இனிப்புத் திரவம் அது. வெள்ளை மெழுகு பூசியது போல இருக்கும் ஒரு வகைத் தத்துப்பூச்சியின் குஞ்சுகளை இவை மாடு மேய்ப்பது போலக் காவல் காத்து வைத்திருப்பதையும் அவர்கள் பதிவு செய்தார்கள். எறும்பு உணர்கொம்பால் பூச்சியின் பின்புறத்தைத் தட்டும். ஒரு சொட்டு வரும். அதைத் தாடைக்கு நடுவே ஏந்தி, வயிற்றில் உள்ள பொதுப்பைக்கு இறக்கிக்கொள்ளும். அந்தப் பையில் போவது தனக்கு மட்டுமான சாப்பாடு ஆகாது. கூட்டுக்குத் திரும்பி மற்றவர்களுக்கு வாயோடு வாய் கொடுக்கும். மீதிப் பங்குக்கு இறந்த பூச்சி, பறவை எச்சம் என்று கிடைத்தது.

ஒரு குடும்பத்தின் இரண்டு ஏக்கர் முடியும் இடத்தில் இன்னொரு குடும்பத்தின் இரண்டு ஏக்கர் தொடங்கும். அந்த எல்லையில் நடப்பதையும் அவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். இரு தரப்பிலிருந்தும் பெருந்தலைக்காரிகள் வந்து எதிரெதிரே நிற்கும். உடம்பை உயர்த்தி, முன்னங்கால்களால் ஒன்றை ஒன்று குத்துச்சண்டைக்காரர்களைப் போலத் தட்டும். ஒன்று பின்வாங்கும், இன்னொன்று வந்து நிற்கும். பெரும்பாலும் யாரும் சாவதில்லை. விடிந்ததும் கலைந்துபோகும். மறுநாள் இருட்டியதும் அதே இடத்துக்குத் திரும்ப வந்து, நிறுத்திய இடத்திலிருந்து தொடரும்.